கோலாலம்பூரில் இடைத்தங்கல்: செப்பாங்கிலிருந்து ரயிலேறி நகரைப் பார்த்துத் திரும்பும் முறை

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ செல்லும் தமிழர் பலர் கோலாலம்பூரின் செப்பாங் விமான நிலையத்தில் விமானம் மாறுகின்றனர். முதல் விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே எட்டு, ஒன்பது மணி நேரம் இருந்தும், வெளியே போனால் எங்கே தவறிவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர்கள் விமான நிலைய இருக்கைகளிலேயே பொழுதைக் கழித்துவிடுவதை நான் பலமுறை கேள்விப்பட்டு வருந்தியிருக்கிறேன். நான் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவன். விமான நிலைய ரயில் வந்து நிற்கும் கே.எல். சென்ட்ரல் என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருப்பதால், ஊரிலிருந்து இவ்வழியே செல்லும் உறவினர்களுக்குச் சில ஆண்டுகளாக நானே வழி சொல்லி வருகிறேன். அவர்களுக்குச் சொன்னவற்றை, அவர்கள் பட்ட சிரமங்களிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றோடு சேர்த்து, முதன்முறையாக வருவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

எந்த இடத்தைப் பார்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், நகரில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கை இறங்கும் நேரத்திலிருந்து தொடங்காமல், அடுத்த விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காலை 8 மணிக்கு இறங்குகிறீர்கள்; அடுத்த விமானம் மாலை 5.30 மணிக்கு. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 2.30 மணிக்கு, நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கே.எல். சென்ட்ரலில் 1.45 மணிக்கு நடைமேடையில் நிற்க வேண்டும். மறுபுறம், விமானத்தை விட்டு இறங்கி, நீண்ட கூடங்களைக் கடந்து, குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்குக் காத்திருந்து நகருக்கு வந்து சேரும்போது மணி 10.15 ஆகிவிடும். ஆக, ஒன்பதரை மணி நேர இடைவெளியில் நகருக்குரியது மூன்றரை மணி நேரம்தான்.

இதிலிருந்து ஓர் எளிய வழி கிடைக்கிறது: இரண்டு விமானங்களுக்கும் இடையிலான நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழியுங்கள், மிஞ்சுவதே ஊர் சுற்ற உங்களுக்குள்ள நேரம். பெட்டிகள் நேரே இறுதி ஊருக்குப் போய்ச் சேர்வதாக இருந்து, அடுத்த விமானத்துக்கான ஏறுகைச் சீட்டும் (போர்டிங் பாஸ்) கையில் இருந்தால் ஐந்து மணி நேரத்தைக் கழித்தால் போதும். ஏழு மணி நேரத்துக்குக் குறைவான இடைத்தங்கலில் வெளியே போக வேண்டாம் என்றே நான் சொல்வேன்; அந்த ஒரு மணி நேரத்துக்காக ரயில் கட்டணமும் பதற்றமும் தகாது. எட்டு மணி நேரம் இருந்தால் பிரிக்பீல்ட்ஸ், ஒன்பது மணி நேரம் இருந்தால் அதனுடன் பாசார் செனி என்னும் பழைய சந்தைப் பகுதியும் மாரியம்மன் கோயிலும், பத்து மணி நேரமும் அதற்கு மேலும் இருந்தால் பத்துமலை என்பது என் அளவுகோல். நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் புறப்படுவோருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. விமான நிலைய ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுபோய்க் காலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன.

புறப்படும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவது, சட்டப்படி மலேசியாவுக்குள் நுழைவதாகும். ஆகவே கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் உள்ளோர் 2023 டிசம்பர் 1 முதல் விசா இன்றி 30 நாள் வரை தங்க அனுமதிக்கப்படுகின்றனர். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இலங்கை உள்ளிட்ட பிற நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்போர், தங்கள் நாட்டுக்குரிய விதியைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா வேண்டாதவர்களுக்கும் ஒரு படிவம் உண்டு. எம்.டி.ஏ.சி. எனப்படும் மலேசிய மின்னியல் வருகை அட்டையை 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் நிரப்பியாக வேண்டும். வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதை நிரப்பலாம், கட்டணம் கிடையாது. அதே பெயரைப் போட்டுக்கொண்டு பணம் கேட்கும் போலித் தளங்களும் இருப்பதால், பணம் செலுத்தும் பக்கம் வந்தாலே தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று உணர்ந்து மூடிவிடுங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாறுவோருக்கு இந்த அட்டை தேவையில்லை என்பதால், பயண முகவர்கள் பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். வரிசையின் முனையில் நின்றுகொண்டு கைப்பேசியில் இதை நிரப்பத் தடுமாறுவோர், நகருக்கு வைத்திருந்த நேரத்தில் அரை மணியை அங்கேயே இழக்கின்றனர்.

அடுத்து, உங்கள் பயணச்சீட்டு ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். ஒரே சீட்டில் இறுதி ஊர் வரை போவதாக இருந்தால் பெட்டிகள் பெரும்பாலும் நேரே சென்றுவிடும். புறப்படும் ஊரில் பெட்டியை ஒப்படைக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்தனியே வாங்கிய இரண்டு சீட்டுகள் என்றால், கோலாலம்பூரில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு நகரில் அலையாதீர்கள். இரண்டு முனையங்களிலும் கட்டணம் பெற்றுக்கொண்டு பெட்டிகளைப் பாதுகாக்கும் இடங்கள் உள்ளன.

முனையம் எது என்பதில் மிகுந்த கவனம் தேவை. 1998இல் திறக்கப்பட்ட முதலாம் முனையமும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் முனையமும் நடந்து செல்லும் தொலைவில் இல்லாத தனித்தனிக் கட்டடங்கள். ஏர் ஏசியா விமானங்கள் இரண்டாம் முனையத்திலும் மலேசிய ஏர்லைன்ஸ் விமானங்கள் முதலாம் முனையத்திலும் இயங்குகின்றன. என் அக்காள் மகன் ஒருமுறை வந்திறங்கிய முனையத்திலேயே புறப்படுவதாக எண்ணிக்கொண்டு, நகரிலிருந்து திரும்பும்போது முதலாம் முனையத்தில் இறங்கிவிட்டான். அவனுடைய அடுத்த விமானமோ இரண்டாம் முனையத்தில் நின்றது. இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடப் பயணம்தான், கட்டணமும் 2 ரிங்கிட்தான்; ஆனால் அடுத்த ரயில் வரும் வரை நடைமேடையில் நின்ற நேரத்தில் அவன் பட்ட பாட்டை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இரண்டு சீட்டுகளிலும் உள்ள முனைய எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்திறங்கியபின்

விமான நிலையத்தில் ஆங்கிலமும் இருக்கிறது என்றாலும் சில மலாய்ச் சொற்களை அறிந்திருப்பது ரயில் நிலையங்களில் பெரிதும் உதவும். ‘கெத்திபாஆன்’ என்றால் வருகை, ‘பெர்லெப்பாசான்’ புறப்பாடு, ‘கெலுவார்’ வெளியேறும் வழி, ‘தண்டாஸ்’ கழிப்பறை. முதலாம் முனையத்தின் துணைக் கட்டடத்தில் இறங்குவோர் ஏரோட்ரெயின் என்னும் சிறு ரயிலேறி முதன்மைக் கட்டடத்துக்கு வர வேண்டும். மாற்று விமானப் பயணிகளுக்கான அம்புக்குறியைப் பின்தொடராமல், குடிநுழைவு நோக்கிச் செல்லுங்கள்.

வெளியே வந்ததும் கொஞ்சம் பணம் மாற்றிக்கொள்ளுங்கள். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் ‘வெள்ளி’ என்போம். கடையில் ‘எட்டு வெள்ளி’ என்று சொன்னால் எட்டு ரிங்கிட் என்று பொருள். விமான நிலைய ரயில் கட்டணம் நீங்கலாக, ஒரு நாள் பயணத்துக்கு ஒருவருக்கு 100 வெள்ளி ரொக்கம் போதும். அதில் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்கள் சில இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்; நகர ரயில் நிலையங்களில் சீட்டு இயந்திரத்தின் முன்னால் பெரிய தாளை வைத்துக்கொண்டு நிற்பது சங்கடமானது.

எதில் ஏறுவது

விமான நிலையத்திலிருந்து ஒரே தண்டவாளத்தில் இருவகை ரயில்கள் ஓடுகின்றன. கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்) எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் முதலாம் முனையத்திலிருந்து 28 நிமிடத்திலும் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்திலும் கே.எல். சென்ட்ரலை அடைகிறது. கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் நடுவே சாலாக் திங்கி, புத்ராஜெயா, பண்டார் தாசேக் செலாத்தான் ஆகிய நிலையங்களில் நின்று செல்வதால் ஏழெட்டு நிமிடம் கூடுதலாக எடுக்கும். சென்ட்ரல் வரை இரண்டுக்கும் ஒரே கட்டணம்: பெரியவருக்கு ஒரு வழிக்கு 55 வெள்ளி. போக வர சேர்த்து வாங்கினால் 100 வெள்ளி. கட்டணம் ஒன்றே என்பதால் எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறுவதே அறிவுடைமை. எக்ஸ்பிரஸுக்காக டிரான்சிட்டை விட்டுவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தால் இழப்புதான்.

55 வெள்ளி அதிகம் என்று நினைப்போருக்குப் பேருந்து உண்டு. கட்டணம் ரயிலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். பயண நேரம் சாலை சீராக இருந்தால் ஒரு மணி. நகருக்குப் போகும்போது பேருந்தில் போவதை நான் தடுக்க மாட்டேன், ஏனென்றால் அப்போது தாமதமானால் குறைவது சுற்றிப் பார்க்கும் நேரம் மட்டுமே. திரும்பும்போது மட்டும் ரயிலையே நம்புங்கள். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. அது மாலை நேர நெரிசலோடு சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரச் சாலை இரண்டு மணி நேரச் சாலையாக மாறிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு ரயில் சீட்டைவிட, கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாகனம் மலிவாக முடியும் என்பது உண்மையே. ஆயினும் திரும்பும் பயணத்தில் அந்த மிச்சத்தைப் பார்க்காதீர்கள் என்று உறவினர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

கே.எல். சென்ட்ரலும் பிரிக்பீல்ட்ஸும்

கே.எல். சென்ட்ரல் மிகப் பெரிய சந்திப்பு. எல்.ஆர்.டி. எனப்படும் இலகு ரயிலும், கே.டி.எம். கொமியூட்டர் ரயிலும் இந்தக் கட்டடத்திலேயே கிடைக்கின்றன. மோனோரயிலுக்கு மட்டும் நூ சென்ட்ரல் பேரங்காடியின் வழியாக நடக்க வேண்டும். அதே பேரங்காடியின் மறுபுறம் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் திறக்கிறது. விடுதலைக் காலத் தலைவர்களுள் ஒருவரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவருமாக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பெயரைத் தாங்கிய இச்சாலையே பிரிக்பீல்ட்ஸின் முதுகெலும்பு. விமானத்தை விட்டு இறங்கிய இரண்டு மணி நேரத்தில், வேறு எந்த வண்டியும் மாறாமல், ஒருவர் தமிழிலேயே பேசிச் சாப்பிட்டுத் திரும்பக்கூடிய இடம் இது என்பதால்தான், எட்டு மணி நேரம் மட்டுமே உள்ளவர்களை நான் வேறெங்கும் அனுப்புவதில்லை.

செங்கல் சூளைகள் இருந்த இடமாதலால் இப்பெயர் வந்தது. பின்னர் ரயில்வேப் பணிக்கு வந்த தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் இங்கே குடியேறினர். ஜாலான் துன் சம்பந்தனில் 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தர் ஆசிரமம் இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளி ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். பார்வையற்றோர் பலர் இப்பகுதியில் வாழ்ந்து பணிபுரிவதால், அவர்கள் கோலால் தொட்டுணர்ந்து நடப்பதற்காக அவை அமைக்கப்பட்டன. அவற்றின் மேல் பையை வைத்துவிட்டுப் படம் எடுக்க நிற்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் பல உள்ளன. பகல் பன்னிரண்டரைக்குள் போய்விட்டால் இடம் கிடைக்கும். காலையில் வருவோர் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கும் சாப்பிடலாம். பரிமாறுபவரை ‘அண்ணே’ என்றும் ‘அக்கா’ என்றும் அழையுங்கள். தமிழகத்திலிருந்து வருவதாகச் சொன்னால் பெரும்பாலும் எந்த ஊர் என்ற கேள்வி வரும், அதன்பின் வழி கேட்பதற்கு உங்களுக்கு வேறு ஆள் தேவைப்படாது.

பாசார் செனி, மஸ்ஜித் ஜாமெக்

ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் எல்.ஆர்.டி. ஏறுங்கள். கிளானா ஜெயா தடத்தில் கொம்பாக் நோக்கிச் செல்லும் ரயிலில் அடுத்த நிலையமே பாசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜித் ஜாமெக், ஐந்தாவது இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி. சீட்டு இயந்திரத்தில் போகும் நிலையத்தைத் தொட்டுப் பணம் போட்டால் நீல நிற நெகிழி வில்லை ஒன்று விழும். உள்ளே நுழையும்போது அதை வாயிலில் காட்ட வேண்டும்; வெளியேறும்போது துளையில் போட்டுவிட வேண்டும். அதுவரை தொலைத்துவிடாதீர்கள். டச் என் கோ என்னும் கட்டண அட்டை இங்கு வாழ்வோருக்கு அன்றாடத் தேவை. சில மணி நேரம் தங்குவோருக்கு வில்லையே போதும்.

பாசார் செனி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ஜாலான் துன் எச்.எஸ். லீயில், ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் உள்ளது. 1873இல் கா. தம்புசாமிப் பிள்ளை தோற்றுவித்த இக்கோயிலிலிருந்துதான் தைப்பூசத் தேர் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அங்கிருந்து ஆற்றோரமாக மஸ்ஜித் ஜாமெக் வரை நடக்கலாம். கிள்ளான், கொம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசல்தான் இந்நகரம் பிறந்த இடத்தின் அடையாளம். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அருகிலுள்ள லெபோ அம்பாங், ஒரு காலத்தில் செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் நடந்த தெரு.

452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்போர் கே.எல்.சி.சி. வரை சென்று, பூங்காவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். மேலே ஏறும் சீட்டுக்கு வரிசையில் நிற்பதற்கு இடைத்தங்கல் ஏற்ற நேரம் அன்று.

பத்துமலை

பத்து மணி நேரத்துக்கு மேல் உள்ளவர்கள் நேரே பத்துமலைக்குச் செல்லுங்கள். நகரையும் பத்துமலையையும் சேர்த்துப் பார்க்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். சென்ட்ரலில் கே.டி.எம். கொமியூட்டர் முகப்பில் ‘பத்து கேவ்ஸ்’ என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். அதுவே அத்தடத்தின் கடைசி நிலையம் என்பதால் தவறவிடும் அச்சம் இல்லை; அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், கட்டணம் சில வெள்ளிகள்தான். நடுவிலுள்ள இளஞ்சிவப்புக் குறியிட்ட பெட்டிகள் பெண்களுக்கு மட்டும் உரியவை. குடும்பத்தோடு வரும் ஆண்கள் அறியாமல் அதில் ஏறிவிட்டு அடுத்த நிலையத்தில் அவசரமாக மாறுவதைப் பார்க்கிறேன்.

இந்த ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. அரை மணிக்கு ஒன்று, சில வேளைகளில் அதைவிடவும் அரிது. ஆகையால் பத்துமலையில் இறங்கியவுடன் கோயிலை நோக்கி ஓடாமல், நிலையத்திலேயே நின்று, திரும்பும் ரயில்களின் நேரங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதில் திரும்புவது என்பதை அப்போதே முடிவு செய்து, அதற்கு முந்திய ரயிலைப் பிடிப்பதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் அடுத்த ரயிலுக்குக் காத்திராமல், கிராப் வாகனத்தில் சென்ட்ரலுக்கு வந்துவிடலாம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் அனுமனும், பிறகு 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் தெரியும். 272 படிகள். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயுள்ள சன்னதிகளில் வழிபட்டு நிறைவு காணலாம். என் சித்தி அப்படித்தான் செய்தார். முழங்காலுக்கு மேலேறிய உடையோடு படியேற விடமாட்டார்கள். குரங்குகள் கையிலுள்ள பையைப் பறிக்கும். கடப்பிதழை ஒருபோதும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். தைப்பூசத்தையொட்டிய நாள்களில் மட்டும் இந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். இலட்சக்கணக்கான பக்தர்கள் திரளும் அந்நாள்களில் இறைவனைக் காண்பது பெரும்பேறு, ஆனால் குறித்த நேரத்துக்குத் திரும்புவது எவராலும் உறுதி கூற முடியாதது.

திரும்பும்போது

சென்ட்ரலில் விமான நிலைய ரயிலில் ஏறியதும், அது முதலில் முதலாம் முனையத்திலும் பிறகு இரண்டாம் முனையத்திலும் நிற்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எல்லோரும் எழுகிறார்கள் என்று நீங்களும் எழ வேண்டாம். சட்டைப் பையிலுள்ள தாளைப் பாருங்கள். பெட்டியைப் பாதுகாப்பில் வைத்திருந்தால், அதை எடுத்து ஒப்படைக்க அரை மணி தனியாக வேண்டும். ஏறுகைச் சீட்டு கையில் இருந்தாலும் குடிநுழைவும் பாதுகாப்புச் சோதனையும் புதிதாக நடக்கும். துணைக் கட்டடத்திலோ கடைக்கோடி வாயிலிலோ விமானம் நின்றால் அதற்கும் நடை இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் வாங்கியவற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊறுகாய், குழம்புக் கலவை போன்றவை 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் போக விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்வோர் உணவு, விதை, பூ ஆகியவற்றை அங்கே இறங்கும்போது அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு. மெல்பர்னில் இருக்கும் மகளுக்கென்று ஜாலான் துன் சம்பந்தனில் நான்கு முழம் மல்லிகை வாங்கிய சித்தியிடம் இதைச் சொன்னபோது, அவர் அதில் இரண்டு முழத்தைத் தாம் சூடிக்கொண்டு, மீதியைப் பூக்கட்டும் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்து, மாரியம்மனுக்குச் சாத்தச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.